புல் அடைத்த மணிகள்

பிரியாமோ இன்கொல்லு முப்பத்திரண்டு வருடம் சார்டினியாத் தீவின் கிழக்குக் கரையில், கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். முப்பத்திரண்டு வருடமும் பயந்தார். அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

சாந்தா மரியாவின் கூழாங்கல் கரையில் காலை ஆறு மணிக்கே படகுகளை வரிசையாக வைப்பார். வந்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அதன்பிறகு அவர் சொல்லும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.

“எனக்குப் பயம். உங்களுக்கும் கொஞ்சம் இருந்தா நல்லது.”

சிலர் சிரிப்பார்கள். சிலர் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் இளைய வழிகாட்டிகளைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவார்.

ஊரில் அவருக்கு முயல் என்று பெயர். காலையில் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் தொடங்குவார். “என்ன முயலே, இன்னிக்குப் போகலையா? கடல்ல எங்கயாவது ஒரு இலை அசைஞ்சிடுச்சா?” பிரியாமோ காப்பியை ஒரே வாயில் குடித்துவிட்டு, “ரெண்டு இலை” என்பார்.

அவர் பிறந்தது கடலோரத்தில் இல்லை. மேலே, பவுனேயி ஊரில், ஆடு மேய்க்கும் வீட்டில். பத்தொன்பது வயதில் ஒரு நாள், கடலைப் பார்த்த செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்ற குட்டியைப் பிடிக்கப் போனார். கால்கள் நின்றுவிட்டன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மூன்று வயது மூத்த அண்ணன் கொனாரியோ வயிற்றால் ஊர்ந்து வந்து, இடுப்புவாரைப் பிடித்து அவரை இழுத்துப் போட்டார். குட்டி தானாகவே வந்துவிட்டது.

அதோடு பிரியாமோ மலையை விட்டுக் கீழே இறங்கினார். முதலில் மீன்பிடிப் படகு, பிறகு கயாக். மேலே நின்று கீழே பார்க்க முடியாதவர், அதே பாறைச்சுவரைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துப் பிழைத்தார். கொனாரியோவுக்கு இது தீராத வேடிக்கை.

“மேலயும் பயம், கீழயும் பயம். பாறை நடுவுல ஒரு பொந்து பாத்துக் குடியேறிடுடா.”

கீழே அவர் பயந்தது தண்ணீருக்கு மட்டும் இல்லை. ஆடுகளுக்கும்தான். அந்தக் கரையில் ஆடுகள் பாறையின் இடுக்குப் படிகளில் இறங்கி மேயும். குளம்பு பட்டுக் கல் உருளும். இருநூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் தண்ணீருக்கு வர ஆறு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அது வந்து சேரும்போது மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். மகள் மிரெல்லா பள்ளியில் படித்தபோது நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சத்தம் கீழ வர்ற நேரத்தைக் கழிக்கலையே” என்றார். கழித்தால் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரத்தில், நின்றுகொண்டிருக்கும், இருவர் உட்காரும் இரட்டைப் படகு தன் நீளம் அளவுக்குத்தான் நகரும்.

அதனால் அவர் எப்போதும் சுவரிலிருந்து எண்பது மீட்டர் தள்ளியே போனார். மற்றவர்கள் பாறையை உரசிக்கொண்டு போய்க் குகைகளைக் காட்டினார்கள். அவரோடு வந்தவர்கள் இணையத்தில், ‘நல்ல மனிதர், ஆனால் குகையைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம்’ என்று எழுதினார்கள்.

உள்ளே போயே ஆகவேண்டிய இடங்களில் முதலில் துடுப்பை நிறுத்தி மணிச் சத்தம் கேட்பார். அந்தச் சரிவில் நான்கு மந்தைகள் மேய்ந்தன. நான்கையும் ஒலியை வைத்தே அவருக்குப் பிரித்தறியத் தெரியும். கொனாரியோவின் மந்தையில் நாற்பத்திரண்டு மணிகள். எல்லாவற்றுக்கும் கீழே கனமாக ஒலிப்பது முன்னால் போகும் வெள்ளைக் கிடாவின் மணி. அந்தக் கிடாவின் பெயர் மேயர். மணி கேட்டால் மேலே ஆடு. கேட்காவிட்டால் ஆடு இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டு மந்தை ஒரு வருடம் சத்தமில்லாமல் மேயும். மணிக்குள் புல்லைத் திணித்துவிடுவார்கள். மணி கழுத்தில் தொங்கும், நாக்கு அசையாது. பிரியாமோவின் அப்பா இறந்தபோது கொனாரியோ தன் கையால் அடைத்தார். அந்த வருடம் அண்ணனின் ஆடுகள் சரிவில் நிழல்களைப் போல இறங்கியதை பிரியாமோ பார்த்திருக்கிறார்.

இந்தச் சம்பவம் நடந்த செப்டம்பரில் பிரியாமோவுக்கு ஐம்பத்தேழு வயது.

காலையில் மனைவி பெப்பினா லனுசெயி ஊருக்குக் கண் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஏழு பத்துக்குப் பேருந்து.

“கண்ணுல சொட்டு மருந்து விட்டுருவாங்க. திரும்பி வர்றப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலரைக்கு நிறுத்தத்துல வந்து நில்லு.”

“டிரைவர் யாரு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“வளைவுல வேகமா போனா சொல்லு, மெதுவா போகச் சொல்லி.”

“நீ கடலுக்குப் போறே. நான் பஸ்ல போறேன். யாரு யாருக்குச் சொல்றது பாரு” என்றாள் பெப்பினா.

அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். மூன்று இரட்டைப் படகுகள், அவருக்கு ஓர் ஒற்றைப் படகு. தூரின் நகரத்திலிருந்து தாரியோ, லுதோவிகா என்று ஒரு தம்பதி. காலியாரியிலிருந்து போனாரியா, ரீத்தா என்று ஓய்வுபெற்ற இரண்டு அக்காதங்கைகள். அதிகம் பேசாத ஜெர்மன் தம்பதி ஒன்று. தாரியோ உடற்பயிற்சிக் கூடத்து ஆள். தோள் இரண்டும் கதவு அகலம்.

“கைடே பயம்னு சொன்னா எப்படி?” என்றார் தாரியோ. “நான் வேணா உங்களைக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னா சொன்னேன்? வாரை மட்டும் இன்னும் ஒரு துளை இழுத்துக்கங்க” என்றார் பிரியாமோ.

போகும்போது கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. ஒன்பது கிலோமீட்டர் வடக்கே, முனைக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு துறை இருக்கிறது. அங்கே இறங்கிக் குளித்தார்கள். காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளியும் ஆட்டுப் பாலடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டார்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்கொண்டல் காற்று மாலை ஆறு மணிக்கு மேல்தான் என்று வானிலை அறிவிப்பு சொல்லியிருந்தது. பிரியாமோ அதில் மூன்று மணி நேரம் கழித்துக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கே எல்லோரையும் எழுப்பினார்.

“இப்பதான சாப்பிட்டோம்” என்றாள் ரீத்தா.

“அதான் கிளம்பலாம்னேன்.”

மூன்று மணி நேரம் போதவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் காற்று வந்துவிட்டது.

முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பின் இடது தோளுக்குப் பின்னாலிருந்து அலை வரத் தொடங்கியது. ஒரு மீட்டர் கூட இல்லை. ஆனால் வலதுபுறம் சுவர். சுவரில் மோதிய அலை திரும்பி வந்து, வரும் அலையோடு முட்டியது. இரண்டும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் திசையில்லாமல் மேலே குதித்தது. படகு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத நீர் அது. புதிதாகத் துடுப்புப் பிடித்தவர்கள் அதில் அரை மணி நேரம் தாங்குவார்கள். கரைக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. இறங்க இடம் இல்லை.

பிரியாமோ சுவரை விட்டு வெளியே, இருநூறு மீட்டர் தள்ளி அழைத்துப் போனார். அங்கே திரும்பி வரும் அலை குறைவு, காற்று அதிகம். இருபது நிமிடத்தில் ரீத்தா வாந்தி எடுத்தாள். போனாரியா தனியாகத் துடுப்புப் போட்டாள். தாரியோ பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. துடுப்பைக் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். பின்னால் இருந்த லுதோவிகா, சின்ன உருவம், அவர் போடாத துடுப்புக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வழியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. கடலுக்குள் நீண்ட பாறை மூக்கு ஒன்றின் தெற்கே, சுவர் உள்வாங்கிய இடம். வாடைக்கொண்டல் அங்கே எட்டாது. மற்ற வழிகாட்டிகள் தினமும் அங்கே நிறுத்திப் புகைப்படம் எடுப்பார்கள். பிரியாமோ அதுவரையான இருபத்தொரு வருடத்தில் நான்கு முறைதான் உள்ளே போயிருந்தார். மேலே இருநூறு மீட்டர். கொனாரியோவின் மேய்ச்சலும் அங்கேதான் முடிகிறது.

இவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கவிழ்வார்கள். வெளியே கவிழ்ந்தால் சுவருக்குத் தள்ளப்படுவார்கள்.

மூக்கின் மறைவுக்கு வந்ததும் துடுப்பை நிறுத்தினார். கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். மூச்சை அடக்கிக் கேட்டார். முப்பது வரை எண்ணினார். காற்று மூக்கைத் தாண்டிப் போகும் சத்தம். தண்ணீர் பாறை இடுக்கில் உறிஞ்சப்படும் சத்தம். மணி இல்லை.

மறுபடியும் முப்பது எண்ணினார். மணி இல்லை.

“உள்ள வாங்க” என்றார்.

உள்ளே தண்ணீர் பச்சையாகவும் அமைதியாகவும் இருந்தது. நான்கு படகுகளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து, ஒருவர் துடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ரீத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். தாரியோவுக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது.

“பரவாயில்லையே, இங்கயே இருந்துடலாம்” என்றார் தாரியோ.

அப்போது மேலே ‘டக்’ என்றது.

பிரியாமோவின் வாய் தானாகவே எண்ணத் தொடங்கியது. ஒன்று. “பிரிஞ்சு போங்க!” இரண்டு. “வெளிய, வெளிய, துடுப்புப் போடுங்க!” மூன்று. ஜெர்மன் தம்பதி உடனே நகர்ந்துவிட்டார்கள். நான்கு. மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஐந்து.

கல் தாரியோவின் படகுக்கு மூன்று மீட்டர் பின்னால் விழுந்தது. துப்பாக்கி வெடித்த சத்தம். ஒரு ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தண்ணீர் எழுந்தது. தாரியோ உடம்பை ஒரு பக்கமாக உதறினார். படகு கவிழ்ந்தது.

பிரியாமோ மேலே பார்த்தார். பாறைப் படிகள் முழுக்க ஆடுகள். முப்பது, நாற்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், முட்செடியை இழுத்துத் தின்றுகொண்டு, வெள்ளைக் கிடா. மேயர். தலையை ஆட்டி ஆட்டிச் செடியை இழுத்தது. கழுத்தில் பெரிய மணி அதோடு சேர்ந்து ஆடியது. சத்தம் இல்லை.

அடுத்த கல்லுக்குக் காது கொடுக்க அவர் மறந்தார்.

மணி அடைத்திருக்கிறது. அப்படியானால் வீட்டில் யாரோ இறந்திருக்கிறார்கள்.

“பிரியாமோ!” லுதோவிகா தண்ணீரிலிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை. அவர் ஏன் அசையாமல் இருக்கிறார் என்று கேட்பதுபோல் கூப்பிட்டாள்.

அசைந்தார். அக்காதங்கைகளையும் ஜெர்மன் தம்பதியையும் மூக்கின் ஓரமாக வெளியே போய் நிற்கச் சொன்னார். தாரியோ பிரியாமோவுடைய படகின் முனையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஏறப் பார்த்தார்.

“அதை விடுங்க. என்னையும் கவுத்துருவீங்க. உங்க படகைப் பிடிங்க. அது மிதக்கும், நான் மிதக்க மாட்டேன்.”

கவிழ்ந்த படகை நிமிர்த்தினார். தன் படகை ஒட்டி வைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் அதன் மேல் போட்டு அழுத்தினார். லுதோவிகா முதல் முயற்சியிலேயே ஏறினாள். தாரியோ மூன்றாவது முயற்சியில் ஏறினார். இதற்கு நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் பிரியாமோவின் முதுகு மேலே பார்த்தபடி இருந்தது. இன்னும் இரண்டு முறை ‘டக்’ கேட்டது. இரண்டு முறையும் ஐந்து வரை எண்ணினார். ஒன்று பாறையில் பட்டுச் சிதறியது. மற்றொன்று எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை.

படகுக்குள் பாதி தண்ணீர். இறைக்க நேரமில்லை. இழுகயிற்றை மாட்டி, அப்படியே கிண்ணத்தை விட்டு வெளியே இழுத்தார். அலைக்குள் வந்த பிறகுதான் லுதோவிகா கைப்பம்பால் இறைக்க ஆரம்பித்தாள். தாரியோவின் துடுப்பு மடியில் கிடந்தது. அவர் கைகள் படகின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவை இனிக் கரை வரைக்கும் திறக்கப்போவதில்லை என்று பிரியாமோவுக்குத் தெரிந்தது. விளிம்பில் நின்ற பத்தொன்பது வயதுப் பையனின் கால்கள் அவருக்கு நினைவிருந்தன.

“உள்ள இருந்தா கல்லு, வெளிய வந்தா அலை” என்றாள் ரீத்தா. “போனாரியா, இந்த லீவுக்கு நீதான இடம் பாத்தே?”

“பேசாம வாந்தி எடு” என்றாள் போனாரியா.

இழுகயிறு இடுப்பை அறுத்தது. ஒவ்வொரு அலையிலும் பின்னாலிருந்த பாரம் முன்னால் வந்து முட்டியது, பிறகு பின்னுக்கு இழுத்தது. பிரியாமோ துடுப்புப் போட்டார். தலைக்குள் கணக்கு ஓடியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

இன்கொல்லு குடும்பத்தில் மீதி இருந்தவர்கள் ஐந்து பேர். அவர். கொனாரியோ. கொனாரியோவின் மனைவி அசுந்தா, சர்க்கரை நோய்க்காரி. பெப்பினா. மிரெல்லா. அவர் இங்கே இருக்கிறார். மணியை அடைத்தது கொனாரியோவின் கை. எனவே அண்ணனும் இருக்கிறார். மீதி மூவர். மூன்றில் ஒன்று.

நாற்பத்திரண்டு மணிகளை அடைக்க ஒரு மணி நேரம் வேண்டும். ஆடுகள் கிண்ணத்துக்கு மேலே வர இரண்டு மணி நேரம். அப்படியென்றால் செய்தி பத்து மணிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பேருந்து ஏழு பத்துக்குக் கிளம்பியது. லனுசெயி சாலையில் வளைவுகள் அதிகம். மிரெல்லா தூரினில் பாலங்களுக்குப் பாரம் கணக்கிடும் வேலையில் இருந்தாள். எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவாள். விற்றுவிடு என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அசுந்தாவாக இருக்கட்டும் என்று நினைத்தார். நினைத்த உடனே வெட்கப்பட்டார். ஆனாலும் அடுத்த அலையில் மறுபடியும் அதையே நினைத்தார்.

பெத்ரா லோங்கா, கடலில் ஒற்றையாக நிற்கும் அந்தக் கூர்ப்பாறை, வலது பக்கம் வந்தது. அதைத் தாண்டினால் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். தண்ணீர் புகாத பைக்குள் முழங்கால்களுக்கு நடுவே போன் இருந்தது. அவர் அதை மறந்திருந்தார்.

போன் முதலில் ஒரு முறை அதிர்ந்தது. பின் இன்னொரு முறை. தவறிய அழைப்புகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. மூன்று. நான்கு. ஏழு. அவர் கால் எலும்பில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டது.

பின் அது மணியடிக்கத் தொடங்கியது.

“உங்க போன் அடிக்குது” என்றார் தாரியோ பின்னாலிருந்து. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

“தெரியும்.”

“எடுங்களேன். யாருக்காவது அவசரமா இருக்கும்.”

“ஆமா.”

எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்த பிறகு தன் கைகள் என்ன செய்யும் என்று அவருக்கு நிச்சயமில்லை. தாரியோவின் கைகளைப் போல ஆகிவிடலாம். அப்படி ஆனால் பின்னால் ஆறு பேர், வலதுபுறம் சுவர். கரையில் காலை வைக்கும்வரை மூன்று பேரும் உயிரோடு இருக்கட்டும். இறந்தவரை இன்னும் நாற்பது நிமிடம் உயிரோடு வைத்திருக்க ஒரே வழி துடுப்புப் போடுவதுதான்.

போன் நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

“லுதோவிகா,” என்றார் திரும்பாமல், “அவரைப் பாடச் சொல்லுங்க. எதையாவது. மூச்சு விடணும், அவ்வளவுதான்.”

தாரியோ பாடவில்லை. போனாரியா பாடினாள், கண்ணராவியாக. ரீத்தா அவளைத் திட்டினாள். ஜெர்மன்காரர் முதல் முறையாகச் சிரித்தார். அப்படியே மூன்று மணிக்குத் துறைமுகத்தின் கல்சுவருக்குள் நுழைந்தார்கள். தண்ணீர் சட்டென்று அடங்கியது.

ஒவ்வொருவரையும் கை கொடுத்து இறக்கினார். ஆறு என்று எண்ணினார். மறுபடியும் எண்ணினார். தாரியோவின் விரல்களை விளிம்பிலிருந்து லுதோவிகா ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“உங்களுக்குப் பயமே இல்லையா?” என்று தாரியோ கேட்டார். அவர் உதடு நீலமாக இருந்தது.

பிரியாமோ நாலு அடி தள்ளிப் போய்க் கற்களில் உட்கார்ந்தார். பையைத் திறந்தார். பதினொரு அழைப்புகள். எல்லாம் கொனாரியோவிடமிருந்து.

அதில் ஆறுதல் இல்லை. யார் இறந்திருந்தாலும் கூப்பிடுவது கொனாரியோதான்.

பெப்பினாவை அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. மிரெல்லாவை அழைத்தார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

“அப்பா? மீட்டிங்ல இருக்கேன். என்ன?”

அவர் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

“அப்பா?”

“சாப்பிட்டியா?”

“மணி மூணுப்பா. என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வண்டியை வித்துரு” என்று சொல்லி வைத்துவிட்டார். இனி இரண்டில் ஒன்று.

அப்போது கொனாரியோவின் மூன்று சக்கர வண்டி துறைமுகச் சரிவில் இறங்கி, தாறுமாறாக நின்றது. கதவைச் சாத்தாமல் கொனாரியோ ஓடிவந்தார். அண்ணன் ஓடி பிரியாமோ பார்த்து முப்பது வருடமிருக்கும். தொப்பி கையில் இருந்தது.

“எல்லாரும் இருக்காங்களா?” என்று கொனாரியோ கத்தினார்.

“யாரு செத்தது?” என்று பிரியாமோ கத்தினார்.

இரண்டு பேரும் நின்றார்கள்.

“யாரும் சாகலையே” என்றார் கொனாரியோ. “உன் ஆளுங்கள்ல யாராச்சும்…?”

“பெப்பினா எங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? கண் டாக்டர்கிட்டப் போறேன்னா. டேய், மேல இருந்து பாத்தேன்டா. உன் படகு மஞ்ச, எனக்குத் தெரியாதா? உள்ள போய் நிக்கிற. மேல என் ஆடுங்க. கத்துனேன், கேக்கல. போன் அடிச்சேன், போகல. ஒரு படகு கவுந்தது வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறம் பாக்க முடியல.”

“மணி ஏன் அடைச்ச?”

கொனாரியோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போன வருஷம் எரிஞ்ச காடு இருக்கில்ல. அங்க புல்லு நல்லா வந்திருக்கு. மேய்க்கக் கூடாதாம், பத்து வருஷத்துக்கு. காட்டுக் காவலர் காது பாம்புக் காது. அதான் விடியக்காலையில கொஞ்சம் புல்லை உள்ள… அப்படியே கிண்ணம் பக்கம் இறங்கிடுச்சுங்க.”

பிரியாமோ எழுந்தார். அண்ணனின் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினார். அவர் வாழ்நாளில் அண்ணன் மேல் காட்டிய கோபம் அவ்வளவுதான்.

“நீ புல்லை அடைச்ச. நான் அங்கேருந்து இங்க வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தரா எடுத்துப் புதைச்சேன். பெப்பினாவை. என் மகளை. கொனாரியோ, அசுந்தாவா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். உன் பொண்டாட்டியை.”

பிறகு கற்களின் மேல் குனிந்து வாந்தி எடுத்தார். கொனாரியோ பின்னால் வந்து, முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் பிடித்த அதே இடத்தில், அவர் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டார். மிதந்து போன தொப்பியைப் போனாரியா துடுப்பால் எடுத்துக் கொடுத்தாள்.

நாலரைக்குப் பேருந்து வந்தது. பெப்பினா கறுப்புக் கண்ணாடியோடு படியைத் தடவித் தடவி இறங்கினாள்.

“யாரு, நீயா? போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எதைத் தொட்டா எடுக்கும்னு தெரியல, எல்லாம் மங்கல்.” அவர் கையைப் பிடித்தாள். “ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறே?”

“கடல்ல காத்து.”

“முயலே” என்றாள் பெப்பினா.

மறுநாள் கொனாரியோ நாற்பத்திரண்டு மணிகளிலிருந்தும் புல்லை உருவினார். தம்பியை முயல் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து பதினோரு வருடம், கோடையின் ஒவ்வொரு நாள் காலையும், பிரியாமோ படகை இறக்கும் முன் ஒரு செய்தி வரும். இரண்டே சொற்கள். ‘மேயர் தெற்கே.’ ‘மேயர் வடக்கே.’ கிழட்டுக் கிடா இறந்து இன்னொன்று முன்னால் நடக்கத் தொடங்கிய பிறகும் செய்தியில் அதன் பெயர் மாறவில்லை.

பிரியாமோ அறுபத்தெட்டு வயதில், ஒரு பிப்ரவரியில், வீட்டில், கணையப் புற்றால் இறந்தார். கடைசி வாரத்தில் ஊசி போட வந்த செவிலிப் பெண்ணிடமும் மறைக்கவில்லை. “எனக்குப் பயம்” என்றார். அந்தப் பெண் ஊசியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கும் கொஞ்சம் இருந்தா நல்லது” என்று அவரே முடித்தார்.

கொனாரியோ எழுபத்தொரு வயதில் கொட்டகையில் உட்கார்ந்து மணிகளை அடைத்தார். விரல் முட்டுகள் வீங்கியிருந்ததால் இரண்டு நாள் ஆனது. மிரெல்லா புல்லை உருட்டிக் கொடுத்தாள். இறுக்கமாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் கோடை முழுவதும் சரிவில் அந்த மந்தை சத்தமில்லாமல் மேய்ந்தது. எங்கே இருக்கிறது என்று கீழே யாருக்கும் தெரியவில்லை. செய்தி அனுப்பவும் கொனாரியோவுக்கு ஆள் இல்லை. இளைய வழிகாட்டிகள் இரண்டு நாள் வழக்கம்போலப் பாறையை உரசிக்கொண்டு போனார்கள். மூன்றாவது நாள் ஒரு கல் விழுந்தது. அதன்பிறகு குகைகளைத் தூரத்திலிருந்தே காட்டினார்கள்.

ஜூலையில் மிரெல்லா சரிவின் விளிம்புக்குப் போய், வயிற்றால் படுத்துக் கீழே பார்த்தாள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு இரட்டைப் படகின் நீளம் ஐந்தரை மீட்டர். அதை அளவாக வைத்து, சுவருக்கும் படகு வரிசைக்கும் நடுவே எத்தனை படகு அடங்கும் என்று எண்ணினாள். பதினான்கு, பதினைந்து. அப்பாவின் அதே எண்பது மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.